பெனுவே: மாட்டுவழி அடைபட்ட பிறகு நடந்தவை

2018 ஜனவரி 11 அன்று நைஜீரியாவின் பெனுவே மாநிலத் தலைநகரான மக்குர்டியில் 73 பேரை ஒன்றாக அடக்கம் செய்தார்கள். புத்தாண்டையொட்டி குமா, லோகோ என்ற இரண்டு வட்டாரங்களின் கிராமங்களில் நடந்த தாக்குதல்களில் இறந்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் டிவ் இனத்து விவசாயக் குடும்பங்கள். தாக்கியவர்கள் ஃபுலானி மேய்ப்பர்கள் என்று மாநில அரசு சொன்னது. இதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2017 நவம்பர் 1 அன்று, மாடுகளைத் திறந்தவெளியில் ஓட்டி மேய்ப்பது குற்றம் என்ற சட்டம் பெனுவேயில் நடைமுறைக்கு வந்திருந்தது.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே விளக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஃபுலானிகள் முஸ்லிம்கள், டிவ் மக்கள் கிறிஸ்தவர்கள், ஆகவே இது மதப் போர் என்பது ஒன்று. சகாரா பாலைவனம் தெற்கே நகர்கிறது, சாட் ஏரி சுருங்கிவிட்டது, ஆகவே பருவநிலை மாற்றமே காரணம் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மதமும் வறட்சியும் அங்கே புதிதாக வந்தவை அல்ல. வயலில் மாடு புகுந்தால் யார் போய்ப் பார்ப்பது, எவ்வளவு ஈடு, யார் வாங்கிக் கொடுப்பது என்பதற்கு அந்த ஆற்றுப் படுகையில் ஒரு ஏற்பாடு இருந்தது. அது நாற்பது ஐம்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்தது. அந்த இடத்தில் அரசு வேறு எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. பெனுவேயை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பழைய ஏற்பாடு

பெனுவே ஆறு மாநிலத்தின் குறுக்கே ஓடி, லோகோஜாவில் நைஜர் ஆற்றோடு கலக்கிறது. பெருவள்ளிக் கிழங்கு, மரவள்ளி, நெல், சோயா, எள், ஆரஞ்சு என்று எல்லாம் விளையும் பூமி. நாட்டின் சோற்றுக்கூடை என்றே இந்த மாநிலத்தைச் சொல்வார்கள். மழை ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் ஓயும். மழைக்காலத்தில் ஃபுலானி மந்தைகள் வடக்கே நிற்கும். நவம்பரில் வடக்கில் புல் காய்ந்ததும், நீண்ட கொம்புள்ள வெள்ளை மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே, ஆற்றை நோக்கி இறங்குவார்கள். அந்த நேரத்தில் விவசாயிகளும் அறுவடையை முடித்திருப்பார்கள். அறுத்த வயலில் நிற்கும் சோளத்தட்டை மாட்டுக்கு, மாடு போடும் சாணம் நிலத்துக்கு. நம் பக்கத்தில் வயலில் கிடை போடுகிறார்களே, அதே கணக்குதான். ஃபுலானிப் பெண்கள் சுரைக்குடுவைகளில் பாலும் தயிரும் கொண்டுபோய் ஊருக்குள் விற்பார்கள். அந்தக் காசு தானியமாகவும் கிழங்காகவும் மேய்ப்பர் குடிலுக்குத் திரும்பும். டிவ் மக்களுக்கும் ஃபுலானிகளுக்கும் நடுவே கேலி உறவு என்று ஒரு வழக்கம்கூட இருந்தது. ஒருவரை ஒருவர் எவ்வளவு கிண்டல் செய்தாலும் கோபப்படக் கூடாது.

சண்டை அப்போதும் உண்டு. மாடு என்றால் வேலி தாண்டத்தான் செய்யும். தாண்டினால் ஊர்த் தலைவரும், ஆர்டோ எனப்படும் மேய்ப்பர் தலைவரும் வயலுக்கே போய்ப் பார்ப்பார்கள். இவ்வளவு அழிந்தது, இவ்வளவு கொடு என்று அங்கேயே பேசி முடிப்பார்கள். மந்தைகள் போகவர புர்த்தி என்ற மாட்டுவழிகள் இருந்தன. எந்த வழியில் எந்த மாதம் மாடு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வழியில் யாரும் விதைப்பதில்லை.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு வரியும் இருந்தது. ஜங்கலி என்று பெயர், தலைக்கு இவ்வளவு என்று மாடுகள் மீது போட்ட வரி. ஆங்கிலேயர் காலத்தில் உள்ளூர்த் தலைவர்கள் வழியாக வசூலானது. மாடு வந்தால்தான் தலைவருக்கு வரியில் பங்கு. அதனால் மாட்டுவழியைத் திறந்து வைப்பதிலும், தகராறு வந்தால் சீக்கிரம் தீர்த்து வைப்பதிலும் அவருக்கு அக்கறை இருந்தது. 1970களில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். மேய்ப்பர்களுக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதோடு, மாடு வருவதால் ஊர் நிர்வாகத்துக்கு ஒரு பலன் என்பதும் போய்விட்டது. இந்தச் சிக்கலைப் பற்றிய பேச்சுகளில் இந்த வரி அதிகம் அடிபடுவதில்லை. எனக்கு இது முக்கியமான திருப்பமாகத் தெரிகிறது. வரியே இல்லாத மாட்டை அரசு எண்ணவும் இல்லை, அதன் வழியைப் பராமரிக்கவும் இல்லை.

எப்படி அடைபட்டது

வட மண்டல அரசு 1965ல் மேய்ச்சல் ஒதுக்கீட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் வழியில் 415 இடங்களை மேய்ச்சலுக்கு என்று குறித்தார்கள். அவற்றில் முறைப்படி அரசிதழில் ஏறியது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மற்றவை காகிதத்தில் நின்றன. தரையில் அவை வயலாகவும் வீட்டுமனையாகவும் மாறின. பிறகு 1978ன் நிலப் பயன்பாட்டுச் சட்டம், மாநிலத்து நிலம் முழுவதையும் அந்தந்த ஆளுநரின் பொறுப்பில் வைத்தது. நைஜீரியாவில் ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் முதல்வர் இடத்தில் இருப்பவர். நிலத்தைத் தரவும் மறுக்கவும் அவரால் முடியும். ஓட்டுப்போடுவது ஊரில் தங்கியிருக்கும் விவசாயி. ஆண்டில் சில மாதம் வந்துபோகும் மேய்ப்பருக்கு எந்த மாநிலத்திலும் சொந்த மண் இல்லை. மூன்று தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட ஃபுலானிகூட ‘வந்தேறி’தான். மாநிலத்தின் பூர்வகுடி என்ற சான்றிதழ் இல்லாதவருக்கு நிலம், வேலை, கல்விச் சலுகை எல்லாவற்றிலும் பின்வரிசை.

காகிதத்தை விடுங்கள், தரையில் நடந்தது இன்னும் கூர்மையானது. ஆற்றோரத் தாழ்நிலங்களை அங்கே ஃபடாமா என்பார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் ஈரம் நிற்கும், கோடையிலும் புல் பச்சையாக இருக்கும். மாடுகள் இவ்வளவு தூரம் நடந்து வருவதே அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும்தான். 1990களிலிருந்து உலக வங்கிக் கடனில் ஃபடாமா திட்டங்கள் நாடு முழுக்க வந்தன. சின்ன பம்பு செட்டு, ஆழமில்லாத குழாய்க் கிணறு, கோடையில் காய்கறியும் நெல்லும். விவசாயிக்கு ஆண்டில் இன்னொரு போகம் கிடைத்தது, அது நியாயமான முன்னேற்றம். ஆனால் முன்பு ஜனவரியில் மாடு தண்ணீர் குடிக்க இறங்கிய கரையில் இப்போது நாற்றங்கால் நின்றது. மந்தை வந்து சேரும்போது ஆறு கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க வழி இல்லை. மாட்டின் தாகத்துக்கு வரப்பு தெரியாது.

மரவள்ளியும் இதில் ஒரு பங்காளி. சோளமும் சோயாவும் மழையோடு முடிந்துவிடும். மரவள்ளி அப்படியில்லை, ஓராண்டும் அதற்கு மேலும் மண்ணுக்குள் இருக்கும், வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம். ஏழை விவசாயிக்கு அதுதான் சேமிப்பு. ஊரே காய்ந்து கிடக்கும் பிப்ரவரியில் அந்த இலைகள் மட்டும் பச்சையாக நிற்கும். நூறு மாடு ஒரு ராத்திரி நுழைந்தால், ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போய்விட்டன என்று அர்த்தம். அறுவடை முடிந்த வயல் எல்லோருக்கும் பொது என்ற பழைய புரிதல், அறுவடையே முடியாத பயிரின் முன்னால் நிற்கவில்லை.

மற்றக் காரணங்கள் தெரிந்தவைதான். 1950களில் நைஜீரியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 3 கோடி, இன்று 20 கோடியைத் தாண்டிவிட்டது. காடு அழிந்ததாலும் கால்நடை மருந்துகளாலும் மாட்டுக்கு உயிர்க்கொல்லி நோயைப் பரப்பும் செட்சி ஈயின் பயம் குறைந்து, மேய்ப்பர்கள் தெற்கிலேயே ஆண்டு முழுக்கத் தங்கத் தொடங்கினார்கள். வடகிழக்கில் 2009 முதல் போக்கோ ஹராம் என்ற தீவிரவாதக் குழு, வடமேற்கில் மாட்டைக் கொள்ளையடிக்கும் ஆயுதக் கும்பல்கள், இரண்டுக்கும் தப்பி வந்த மந்தைகளும் தெற்கே குவிந்தன. புதிதாக வந்தவர்களுக்கு இந்த ஊர்த் தலைவரைத் தெரியாது, ஊர்த் தலைவருக்கும் இவர்களைத் தெரியாது. பல மந்தைகளின் உண்மையான சொந்தக்காரர்கள் நகரத்தில் இருக்கும் பணக்காரர்கள். மாட்டோடு வருவது கூலிக்கு அமர்த்திய இளைஞர்கள். கம்பு இருந்த தோளில், மாட்டுத் திருடர்களுக்குப் பயந்து, துப்பாக்கி ஏறியது. 2011ல் லிபியா சிதறிய பிறகு அந்தப் பகுதி முழுக்க துப்பாக்கி மலிந்து கிடந்தது.

பயிர்ச் சேத வழக்குகளும் ஊர்ப் பஞ்சாயத்தை விட்டுக் காவல் நிலையத்துக்குப் போயின. அங்கே மேய்ப்பர் கட்டிய பணத்தில் எவ்வளவு விவசாயியின் கைக்கு வந்தது என்று கேட்டால் இரண்டு தரப்பும் கசந்துதான் பேசுகிறார்கள். மேய்ப்பருக்குப் பறிபோன கோபம், விவசாயிக்கு வந்து சேராத கோபம்.

சட்டம்

2016 பிப்ரவரியில் பெனுவேயின் அகட்டு வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. கிராமம் கிராமமாக எரிந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்தச் சூழலில்தான் ஆளுநர் சாமுவேல் ஓர்ட்டோம் 2017 மே 22 அன்று திறந்தவெளி மேய்ச்சல் தடை மற்றும் மாட்டுப்பண்ணை அமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மீறி மேய்த்தால் ஐந்தாண்டுச் சிறை, அல்லது 10 லட்சம் நைரா அபராதம், அல்லது இரண்டும். மாடு திருடுபவருக்கும் தண்டனை உண்டு. மாடு வளர்க்க விரும்புகிறவர் பண்ணை போட்டு, வேலிக்குள் வளர்க்க வேண்டும்.

பெனுவே மக்கள் இந்தச் சட்டத்தைக் கொண்டாடியதை என்னால் குறை சொல்ல முடியாது. மத்திய அரசின் காவல்துறை வராது, ராணுவம் வராது, வழக்கு நடக்காது என்று ஆன பிறகு, மாநிலத்தின் கையில் இருந்தது சட்டம் இயற்றும் அதிகாரம் ஒன்றுதான். ஆனால் சட்டத்தின் பெயரில் ‘பண்ணை அமைப்பு’ என்று இருந்தாலும், நவம்பர் 1 அன்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய் அடைக்கும் அளவுக்கு எந்தப் பண்ணையும் தயாராக இல்லை. ஐந்து மாத அவகாசத்தில் ஆழ்துளைக் கிணறு, தீவனம், வேலி, அதற்கான நிலம் எல்லாம் எங்கிருந்து வரும்? ஐம்பது மாட்டோடு நடந்தே வாழும் குடும்பத்திடம் பண்ணை போடு என்றால், மாநிலத்தை விட்டுப் போ என்றுதான் அவர்கள் காதில் விழும். மியெட்டி அல்லாஹ் என்ற பெயர் கொண்ட மாட்டுக்காரர் சங்கங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டன, வெளிப்படையாகவே எதிர்த்தன. மந்தைகள் பக்கத்து மாநிலங்களான நசராவாவுக்கும் தராபாவுக்கும் திரும்பின. சிக்கலும் கூடவே போனது.

ஜனவரிக் கொலைகளுக்குப் பிறகு தன்னைப் பார்க்க வந்த பெனுவே தலைவர்களிடம் குடியரசுத் தலைவர் முகம்மது புஹாரி, கடவுளின் பெயரால் உங்கள் சக நாட்டு மக்களுக்கு இடம் கொடுங்கள் என்றார். அவரும் ஃபுலானி இனத்தவர், மாட்டுக்குச் சொந்தக்காரர். பிணங்களைப் புதைத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. வேறு ஒருவர் சொல்லியிருந்தால் சமாதானப் பேச்சாக இருந்திருக்கும். அவர் வாயிலிருந்து வந்தபோது டிவ் மக்களுக்கு அது தீர்ப்பாகவே கேட்டது.

அப்புறம் பழிவாங்கல். ஜனவரி 31 அன்று க்போக்கோ நகரின் பேருந்து நிலையத்தில் ஏழு பயணிகளை, ஃபுலானிகள் என்று நினைத்து, ஒரு கூட்டம் அடித்துக் கொன்று எரித்தது. அவர்கள் வெறும் பயணிகள். இதற்கு முன்னமே, 2017 நவம்பரில், அடமாவா மாநிலத்தின் நூமன் பகுதியில் ஃபுலானிக் குடியிருப்புகளில் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். 2018 ஏப்ரல் 24 அன்று பெனுவேயின் அயர் எம்பலோம் கிராமத்தில் விடியற்காலைப் பூசையின்போது இரண்டு பாதிரியார்களும் பதினேழு பேரும் கொல்லப்பட்டார்கள். 2018ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் நாடு முழுக்க 1,300 பேருக்கு மேல் இந்த மோதலில் இறந்ததாக சர்வதேச நெருக்கடிக் குழு கணக்கிட்டது. 2016 ஜனவரி முதல் 2018 அக்டோபர் வரை குறைந்தது 3,641 பேர் என்று ஆம்னெஸ்டி அமைப்பு பதிவு செய்தது. அவர்களில் பாதிக்கு மேல் 2018ல் இறந்தவர்கள்.

ருகுபி

மேய்ப்பர் பக்கத்துக் கதையை அறிய ருகுபியைப் பார்க்க வேண்டும். தடைச் சட்டத்தை அமல்படுத்த பெனுவே அரசு கால்நடைக் காவலர் என்று ஒரு படையை வைத்திருந்தது. எல்லை தாண்டி மேயும் மாடுகளை அவர்கள் பிடித்துப் பவுண்டு என்ற அரசுப் பட்டியில் அடைப்பார்கள். தண்டம் கட்டினால்தான் மாடு திரும்பும். 2023 ஜனவரியில் நசராவா பக்கத்து மேய்ப்பர்களின் மாடுகள் இப்படிப் பிடிபட்டன. அவர்கள் மக்குர்டிக்குப் போனார்கள், கேட்ட பணத்தைக் கட்டினார்கள், மாடுகளை லாரிகளில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் ருகுபி கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜனவரி 24 அன்று அவற்றை இறக்கிக்கொண்டிருந்த இடத்தில் நைஜீரிய விமானப் படையின் குண்டு விழுந்தது. 39 பொதுமக்கள் இறந்ததாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் பதிவு செய்தது.

அந்த மனிதர்கள் சட்டத்தை மீறியிருக்கலாம். மீறியதற்குச் சட்டம் சொன்ன வழியில் தண்டம் கட்டி, முறைப்படி மாட்டை மீட்டு வந்தவர்கள் அவர்கள். கட்டாமல் துப்பாக்கியோடு போய் மாட்டை மீட்டவன் உயிரோடு இருக்கிறான், கட்டியவன் செத்தான் என்றால், அடுத்த முறை ஒரு மேய்ப்பர் வீட்டு இளைஞன் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பான்? இந்தக் கேள்வியை மக்குர்டியிலோ நாட்டின் தலைநகர் அபுஜாவிலோ அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்களிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மத்திய அரசின் திட்டங்கள் சுருக்கமாகச் சொல்லக்கூடியவை. 2019ல் தேசியக் கால்நடை மாற்றத் திட்டம் என்று பத்தாண்டுத் திட்டம் வந்தது, மெதுவாகவே நகர்ந்தது. அதே ஆண்டு ரூகா என்று மேய்ப்பர் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். நிலத்தைப் பிடுங்கும் சூழ்ச்சி என்று எதிர்ப்பு எழ, ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். 2021 மே மாதம் தென் மாநிலங்களின் 17 ஆளுநர்களும் திறந்தவெளி மேய்ச்சலுக்குத் தடை என்று அறிவித்தார்கள். 2024ல் குடியரசுத் தலைவர் போலா டினுபு கால்நடை வளர்ச்சிக்கென்று தனி அமைச்சகம் தொடங்கினார்.

2025 ஜூன் 13 இரவு குமா வட்டாரத்தின் யெல்வாடா கிராமத்தில், ஏற்கெனவே ஊரிழந்து வந்து சந்தைக் கட்டடங்களில் படுத்திருந்தவர்கள் உட்பட, குறைந்தது நூறு பேர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்த் தேவாலயத் தரப்பின் கணக்கு இதைவிட அதிகம். சில நாள் கழித்து மக்குர்டி வந்த டினுபு, இதுவரை ஏன் ஒரு கைதுகூட இல்லை என்று காவல்துறைத் தலைவரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார். அதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே அகட்டுவில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

என் பார்வையில்

இந்த நிகழ்வை இரண்டு பக்கமும் சமமாகத் தவறு என்று தராசில் வைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை. பெனுவேயில் ஊரிழந்து பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் முகாம்களிலும் ஆண்டுக்கணக்காகக் கிடப்பவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். தூங்குகிறவர்களைக் கொன்றவர்களை மாட்டுவழி அடைபட்டதால் வந்தவர்கள் என்று மென்மையாக்கக் கூடாது. அவர்களைப் பிடித்து, பெயர் சொல்லி, நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அது நடக்காதவரை ஒவ்வொரு ஃபுலானியும் கொலைகாரனாகவே பார்க்கப்படுவான், க்போக்கோவில் எரிந்த பயணிகளைப் போல.

பண்ணைதான் ஒரே வழி என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. நைஜீரியாவின் ஏறத்தாழ 2 கோடி மாடுகளில் மிகப் பெரும்பகுதி நடந்து மேயும் மந்தைகளில் இருக்கிறது. அவற்றை வேலிக்குள் கொண்டுவர ஒரு தலைமுறை ஆகும். அதுவரை மாடு நடக்கத்தான் போகிறது. வடக்கே இருக்கும் நைஜர் நாட்டில் 2010ல் மேய்ச்சலுக்குத் தனிச் சட்டம் போட்டு, மந்தைகள் இடம்பெயர்வதை உரிமையாகவே ஏற்றார்கள். அறுவடை முடிந்து வயல்களை மாட்டுக்குத் திறக்கும் தேதியை அங்கே நிர்வாகமே அறிவிக்கும். அந்தத் தேதிக்கு முன் மாடு புகுந்தால் மேய்ப்பர் தவறு, பிறகு புகுந்தால் பேச்சு வேறு. அங்கும் மோதல் இல்லாமல் இல்லை. ஆனால் எதை மீறினோம் என்பதாவது இரண்டு பேருக்கும் தெரிகிறது.

பெனுவே, நசராவா எல்லையில் இதைத் தொடங்கலாம். ஆற்றுக்கு இறங்க எங்கெங்கே வழி என்று இரண்டு மாநிலமும் சேர்ந்து கல் நட வேண்டும். அந்த வழியில் விதைத்தவருக்கு நிலத்துக்கு ஈடு தர வேண்டும். மரவள்ளி நிற்கும் கோடை மாதங்களில் சேத மதிப்பீட்டுக்கு ஊர்த் தலைவர், ஆர்டோ, வேளாண் அலுவலர் மூன்று பேரும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வயலுக்கு வர வேண்டும். மாடு யாருடையது என்று தெரிய, மாட்டின் காதில் அடையாள வில்லை வேண்டும், நகரத்துச் சொந்தக்காரரையும் பிடித்துக் கேட்க அது ஒன்றே வழி. கட்டும் தண்டம் காவல் நிலையத்தில் தங்காமல் அழிந்த வயலின் சொந்தக்காரர் பெயருக்கு நேராகப் போக வேண்டும். முகாமில் இருப்பவர்கள் ஊர் திரும்புவதென்றால் அது ஏப்ரல் மழைக்கு முன்பாக, பாதுகாப்போடு நடக்க வேண்டும். அந்த மாதம் தவறினால் இன்னொரு ஆண்டு சோறு முகாமில்தான்.